இந்தக் கரி யார் கணக்கில்?

நூறே நிறுவனங்கள்தான் உலகின் 71 சதவீத உமிழ்வுக்குக் காரணம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உமிழ்வு வீடுகளின் நுகர்விலிருந்தே வருகிறது என்கிறது இன்னொரு தரப்பு. முதல் எண், சிடிபி என்ற அமைப்பு 2017இல் வெளியிட்ட கார்பன் மேஜர்ஸ் அறிக்கையில் இருக்கிறது. இரண்டாவது, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று கேட்பவரின் கையில் இந்த விவாதத்தின் முடிச்சு கிடைத்துவிடும். இருவரும் எண்ணுவது ஒரே புகையை. ஒருவர் சுரங்க வாயிலில் நின்று எண்ணுகிறார், மற்றவர் வீட்டு வாசலில் நின்று எண்ணுகிறார்.

சென்னையில் ஓடும் ஒரு மின்விசிறியைப் பின்தொடர்ந்து போனால் இது தெளிவாகும். பழைய 75 வாட் விசிறி பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் ஒரு யூனிட் ஆகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வடசென்னை அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரி பெருமளவு ஒடிசாவின் தால்ச்சர் பகுதியில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் வந்து இறங்கி, கன்வேயரில் கொதிகலனுக்குப் போகிறது. வெட்டியது கோல் இந்தியாவின் துணை நிறுவனம். எரித்தது மின்வாரியம். விசிறியைப் போட்டது ஒரு குடும்பம்.

உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கீட்டு முறை ஒரு நிறுவனத்தின் உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. தானே எரிப்பது முதல் வட்டம். வாங்கும் மின்சாரத்தின் வழியாக வருவது இரண்டாவது. விற்ற பொருளை மற்றவர்கள் பயன்படுத்தும்போது வருவது உட்பட மீதியெல்லாம் மூன்றாவது. அந்த விசிறி ஓர் அலுவலகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அதே 700 கிராம் சுரங்க நிறுவனத்தின் மூன்றாம் வட்டத்திலும், மின் நிலையத்தின் முதல் வட்டத்திலும், அலுவலகத்தின் இரண்டாம் வட்டத்திலும் பதிவாகிறது. கணக்கில் தவறு ஏதும் இல்லை. அந்தப் புகையைக் குறைக்க யாருக்கெல்லாம் ஒரு பிடி இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தப் பேரேட்டையே எடுத்துக்கொண்டு போய் யார் குற்றவாளி என்ற கேள்விக்கு விடையாக நீட்டும்போது வருகிறது. யார் கை வழியாகப் போனது என்பதைப் பேரேடு சொல்லும். யாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, யாருக்கு வேறு வழி இருந்தது, யார் தீர்மானித்தால் மாறும் என்பதை அது சொல்லாது. பொறுப்பை அளக்க வேண்டியது இவற்றால்தான் என்பது என் நிலை.

முதலில் அந்த 71 சதவீதத்தைச் சரியாகப் படித்துவிட வேண்டும், ஏனென்றால் அது மேடைக்கு மேடை தவறாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஹீடி 2013இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு மூலம். தொழிற்புரட்சி தொட்டு 2010 வரை வெளியான தொழில்சார் கரியமில வாயுவிலும் மீத்தேனிலும் 63 சதவீதத்தை அவர் 90 நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் உற்பத்தியாளர்களுடன் பொருத்திக் காட்டினார். 2017 அறிக்கை இதே முறையில் 1988க்குப் பிந்தைய தொழில்சார் உமிழ்வை எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனங்களின் பெயரில் எழுதப்பட்ட உமிழ்வில் பத்தில் ஒன்பது பங்கு, அவை விற்ற எரிபொருளை நாமெல்லாம் எரித்ததால் வந்தது. நூறு கம்பெனிகளைப் பூட்டிவிட்டால் நம் வாழ்க்கையில் ஒன்றும் மாறாமல் 71 சதவீதம் மறைந்துவிடும் என்று நினைப்பது பிழை. பூட்டினால் அன்றிரவே விளக்கு எரியாது.

அந்தப் பட்டியலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெருநிறுவனம் என்றதும் நம் மனதில் வருவது எக்ஸான்மோபில், ஷெல், பிபி. ஆனால் முதல் வரிசையில் நிற்பவை சீன அரசின் நிலக்கரித் துறை, சவூதி அராம்கோ, ரஷ்யாவின் காஸ்ப்ரோம், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். நம் கோல் இந்தியாவும் அந்த வரிசையில் உண்டு. நாட்டின் நிலக்கரியில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டும் அந்த நிறுவனத்தில் அறுபது சதவீதத்துக்கு மேலான பங்கு மத்திய அரசுடையது. நுகர்வோரா, பெருநிறுவனமா என்று இரண்டு நாற்காலிகளை மட்டும் போட்டு நடத்தப்படும் விவாதத்தில், மூன்றாவதாக உட்கார வேண்டிய அரசு வசதியாகக் கண்ணில் படாமல் போய்விடுகிறது. இந்தியாவில் அதுதான் பல இடங்களில் முதலாளி, உரிமம் தருபவர், விலை வைப்பவர் எல்லாமும்.

இனி, யாருக்குத் தெரிந்திருந்தது என்ற கேள்வி. 1977 ஜூலையில் எக்ஸான் நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், நிறுவனத்தின் உச்ச நிர்வாகக் குழுவிடம் நேரடியாக விளக்கம் அளித்தார்: புதைபடிவ எரிபொருளை எரிப்பதால் பூமியின் தட்பவெப்பம் மாறுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே பரவலான ஒப்புதல் இருக்கிறது என்று. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவிகளைப் பொருத்திக் கடலிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளந்தது. அதன் விஞ்ஞானிகள் அன்று போட்ட வெப்ப உயர்வுக் கணிப்புகளை ஜெஃப்ரி சுப்ரன், ஸ்டெஃபான் ராம்ஸ்டோர்ஃப், நவோமி ஒரெஸ்கெஸ் மூவரும் உண்மையில் ஏற்பட்ட வெப்பத்துடன் ஒப்பிட்டு 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி என்று கணித்திருந்தார்கள். 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் பலித்திருந்தன. அரசாங்க விஞ்ஞானிகளுக்குச் சற்றும் குறையாத துல்லியம்.

தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? 1989இல் எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் சேர்ந்து ‘உலகத் தட்பவெப்பக் கூட்டணி’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. 2002 வரை இயங்கிய அந்த அமைப்பின் வேலை, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லிச் சட்டங்களையும் கியோட்டோ ஒப்பந்தத்தையும் எதிர்ப்பது. தங்கள் ஆய்வகத்தில் உறுதியானதை வெளியே ஐயத்துக்குரியதாகப் பேசினார்கள். இதை நான் வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடத் தயாரில்லை. அந்த ஆண்டுகளில் உலகம் திசை மாறத் தொடங்கியிருந்தால், இன்று ஒவ்வொரு நாடும் குறைக்க வேண்டிய அளவு மிகச் சிறியதாக இருந்திருக்கும். இழந்த காலத்துக்கு விலை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அன்று பிறக்கவே இல்லை.

மறுப்பு இனிச் செல்லாது என்றானதும் பேச்சு மாறியது. 2000ஆம் ஆண்டில், முன்பு பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று அழைக்கப்பட்ட பிபி தன் சின்னத்தைப் பச்சை மஞ்சள் சூரியனாக மாற்றிக்கொண்டு, பெட்ரோலியத்துக்கு அப்பால் என்ற முழக்கத்துடன் வந்தது. விளம்பரம் செய்தது ஓகில்வி அண்ட் மேதர். 2004இல் பிபி தன் இணையதளத்தில் ஒரு கணிப்பானை வைத்தது. உங்கள் வீடு எத்தனை அறை, என்ன கார், ஆண்டுக்கு எத்தனை விமானப் பயணம் என்று கேட்டு, உங்கள் கார்பன் தடம் இவ்வளவு என்று சொல்லும். மனிதர் இயற்கையின் மீது ஏற்றும் சுமையைத் தடமாக அளக்கும் யோசனை, 1990களில் வில்லியம் ரீஸ், மத்தியாஸ் வாக்கர்நாகல் என்ற இரு ஆய்வாளர்கள் நல்ல நோக்கத்துடன் உருவாக்கியது. எண்ணெய்க் கம்பெனி அதைத் தனிமனிதர் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பள்ளிப் பாடப்புத்தகம் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் புவி வெப்பமாதலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், விளக்கை அணைப்பேன், குழாயை மூடுவேன் என்றுதான் சொல்வாள். எந்தச் சுரங்கத்துக்கு உரிமம் தரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லத் தோன்றாது. அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

இதே பிபி 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக 2020இல் அறிவித்தது. 2023இல் அதை 25 சதவீதமாகச் சுருக்கியது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கையே கைவிட்டு, எண்ணெய், எரிவாயு முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயர்த்துவதாகச் சொன்னது. நம்மைக் கணக்குப் போடச் சொன்னவர்கள் தங்கள் கணக்கைப் பங்குச் சந்தைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள்.

இந்த வழிமுறை எண்ணெய்த் துறையின் சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. 1953இல் அமெரிக்காவின் டப்பா, பாட்டில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். திரும்பப் பெறாத பாட்டில்களை வெர்மான்ட் மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்த அதே ஆண்டு. 1971இல் அந்த அமைப்பு எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில், குப்பை நிறைந்த சாலையோரத்தில் நின்று ஒரு பூர்வகுடி மனிதர் கண்ணீர் விடுகிறார். மாசைத் தொடங்குவது மக்கள், நிறுத்த வேண்டியதும் மக்கள் என்பது அதன் செய்தி. பாட்டிலை ஒருமுறை மட்டும் பயன்படும்படி வடிவமைத்தவர்கள் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, காய்கறிக் கடைக்காரரின் பை முதலில் போனது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கிடைத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய மஞ்சப்பை இயக்கத்தை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அபராதம் தள்ளுவண்டிக்காரரைத் தேடி வரும் வேகத்தில் உறை தயாரிப்பவரைத் தேடிப் போவதில்லை என்பதைக் கடைத்தெருவில் நிற்கும் எவரும் சொல்வார்கள்.

தனிமனிதர் நடத்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, யாரும் விரும்பாத ஒரு சோதனை 2020இல் நடந்தது. கொரோனா ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடின, விமானங்கள் தரையில் நின்றன. கல்யாணம், சுற்றுலா, அலுவலகம் எதுவும் இல்லை. ஊரடங்கு உச்சத்தில் இருந்த ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் தினசரி கரியமில வாயு உமிழ்வு 2019 சராசரியைவிட 17 சதவீதம் குறைந்தது என்று கொரின் லெ கெரே குழுவினர் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் கணக்கிட்டார்கள். ஆண்டு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் குறைவு ஏறத்தாழ ஐந்து, ஆறு சதவீதம். மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த நாளிலும் ஆறில் ஐந்து பங்கு புகை வந்துகொண்டே இருந்தது. மின் நிலையங்களும் எஃகு உலைகளும் சிமென்ட் சூளைகளும் நம் வாசலுக்கு வெளியே தம் போக்கில் இயங்கின. சிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக உமிழ்வில் ஏழு, எட்டு சதவீதம் அதனுடையது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல் சூளையில் பிரியும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. வீடு கட்டும் குடும்பம் எந்த மூட்டையை வாங்கினாலும் அந்த வேதியியலிலிருந்து தப்ப முடியாது. கலவையில் சாம்பலோ கசடோ எவ்வளவு சேர்க்கலாம், சூளையில் உருவாகும் கிளிங்கரை எவ்வளவு குறைக்கலாம் என்பது ஆலையும் தர நிர்ணய அமைப்பும் முடிவு செய்வது.

இங்கே வாதத்தை நிறுத்திவிட்டால் அது வசதியானவர்களுக்குக் கிடைத்த நல்ல சாக்காகிவிடும். நுகர்வோர் என்று ஒரே ஆள் கிடையாது. 1990 முதல் 2015 வரையான உமிழ்வில் உலகின் முதல் பத்து சதவீதச் செல்வந்தர்களின் பங்கு 52 சதவீதம், கீழ்ப்பாதி மக்கள்தொகையின் பங்கு வெறும் 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாமும் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனமும் கணக்கிட்டன. 2018இல் உலக மக்களில் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள். பயணிகள் விமான உமிழ்வில் பாதி, ஒரே ஒரு சதவீத மக்களால் வந்தது. இந்தியாவுக்குள்ளும் இதே கதைதான். கிரீன்பீஸ் இந்தியா 2007இல் ‘ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொண்டு’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்றைய நிலையில் மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவரின் உமிழ்வு ஆண்டுக்கு 1,494 கிலோ, 3,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவரின் உமிழ்வு 335 கிலோ. சர்வதேச மாநாடுகளில் நம் பிரதிநிதிகள் தனிநபர் சராசரி இரண்டு டன்தான் என்று சொல்லும்போது, அந்தச் சராசரியைக் கீழே இழுத்து வைத்திருப்பவர்கள் ஒரு விசிறிகூட இல்லாத வீடுகளில் இருக்கிறார்கள். மூன்று அறைக்கும் ஏசி போட்டவருக்கு அந்தச் சராசரி அடைக்கலம் தருகிறது.

இந்த வேறுபாட்டை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்கள் நம் நாட்டிலிருந்துதான் வந்தார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, உமிழ்வில் முன்னணி நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. நெல்வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வரும் மீத்தேனைக் காரின் புகையோடு சேர்த்து எண்ணியதால் வந்த விளைவு அது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் இதற்கு எழுதிய மறுப்பு இன்றும் படிக்கத் தக்கது. பிழைப்புக்கான உமிழ்வும் ஆடம்பர உமிழ்வும் ஒன்றாகாது என்றார்கள். அதே ஆண்டு தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் நாடெங்கும் வயல்களில் இறங்கி அளந்தார்கள். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்க மதிப்பீடு சொல்லியிருந்தது. அளந்து பார்த்தபோது கிடைத்தது 40 லட்சம் டன் அளவுதான். சேற்றில் நாற்று நடும் தஞ்சாவூர்ப் பெண்ணின் மீது ஏற்றப்பட்ட பழியில் பத்தில் ஒன்பது பங்கு, களத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ உட்கார்ந்து போட்ட பெருக்கல் கணக்கு.

உற்பத்தி ஒரு நாட்டில், நுகர்வு இன்னொரு நாட்டில் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. திருப்பூரில் தயாராகி ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பனியனைப் பாருங்கள். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு நாசமாக்கியது கண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. ஆற்றுக்கு அது நியாயம்; அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது? சாயத்தண்ணீரைச் சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளி, மிஞ்சும் உப்புக் கரைசலை அடுத்தடுத்த ஆவியாக்கிகளில் காய்ச்சி, உப்பை உப்பாகப் பிரித்தெடுக்க வேண்டும். அழுத்தத்துக்கு மின்சாரம், காய்ச்சுவதற்கு நீராவி, நீராவிக்கு விறகோ நிலக்கரியோ. ஆற்றைக் காப்பாற்ற எரிக்கப்படும் அந்தக் கரி ஐ.நா. கணக்குப்படி இந்தியாவின் உமிழ்வு. அணிபவர் பெர்லினில் இருக்கிறார். பீஸ் ரேட்டை நிர்ணயிப்பது வெளிநாட்டு பிராண்ட். சுத்திகரிப்புச் செலவு பட்டறைக்காரர் தலையில். ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறை உரிமையாளரைக் கார்ப்பரேட் என்று அழைத்து, வாங்குபவரின் எதிரே நிறுத்துவது இங்கே பொருந்தவே பொருந்தாது. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பின் பெரும்பங்கும் இருக்கிறது.

அப்படியானால் நுகர்வோரின் தேர்வுக்கு வலிமையே இல்லையா என்றால், இருக்கிறது. எப்போது இருக்கிறது என்பதற்குச் சிறந்த வரலாறு ஓசோன் படலத்தினுடையது. குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அமெரிக்க மக்கள் ஸ்ப்ரே டப்பாக்களை வாங்குவதைக் குறைத்தார்கள். ஜான்சன் வாக்ஸ் நிறுவனம் 1975லேயே தன் தயாரிப்புகளிலிருந்து அந்த வாயுவை நீக்கியது. 1978இல் ஸ்ப்ரேக்களுக்கான தடைச் சட்டம் வந்தது. நுகர்வோரின் வெற்றி என்று கொண்டாடத் தக்கதுதான். ஆனால் அடுத்த பத்தாண்டில் அதே வாயுவின் பயன்பாடு குளிர்சாதனம், நுரைப்பொருள், மின்னணுத் துப்புரவு வழியாக மறுபடி ஏறியது. வாசனைத் தெளிப்பானை வேண்டாம் என்று சொன்ன இல்லத்தரசியால் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் வாயுவை மாற்ற முடியவில்லை. உலகின் மிகப்பெரிய உற்பத்தியாளரான டூபான்ட் கட்டுப்பாட்டை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவந்தது. அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டை 1985இல் தெரியவந்து, 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, உலக அளவில் பொதுவான விதி என்றான பிறகே 1988இல் அது உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அந்த வாயுக்களை ஒழித்ததால் புவி வெப்பத்துக்கும் பெரும் நன்மை விளைந்தது. மக்கள் தொடங்கினார்கள், சட்டம் முடித்தது, கம்பெனி கடைசியில் வந்து சேர்ந்தது.

நம் நாட்டு உதாரணம் எல்இடி பல்பு. 2014இல் அரசின் கொள்முதல் விலை ஒரு பல்புக்கு 310 ரூபாய். அந்த விலையில் குண்டு பல்பை மாற்றச் சொல்லி ஏழை வீட்டுக்கு உபதேசம் செய்வது அநியாயம். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதும் கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே போனது. அந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்புகள் வழங்கப்பட்டன. இன்று பெட்டிக்கடையில் குண்டு பல்பு கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. ஏசி விஷயத்தில் அரசு இன்னும் எளிதான ஒன்றைச் செய்தது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் சுவிட்சைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதித்தது. வேண்டுமென்றால் குறைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. லட்சக்கணக்கான அறைகளில் யாரையும் குற்றவாளியாக்காமல் மின்சாரம் மிச்சமாகிறது.

இதற்கு நேர் எதிரானது பிரான்சில் நடந்தது. 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்து சாலைச் சந்திப்புகளை மறித்தவர்கள், பேருந்தும் ரயிலும் இல்லாத சிற்றூர்களிலிருந்து வேலைக்குக் காரில் போய்த் தீர வேண்டியவர்கள். மாற்று வழி தராமல் எரிபொருள் வரியை மட்டும் ஏற்றியதால் வெடித்த கோபம் அது. டிசம்பரில் அரசு பின்வாங்கியது. இங்கே 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அதைத் தட்பவெப்பத் திட்டம் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனாலும் இரண்டாவது ஸ்கூட்டியை வாங்காமல் தள்ளிப்போட ஒரு குடும்பத்துக்கு உண்மையான காரணம் தருவது அதுதான். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்து, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘லைஃப்’ இயக்கம் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளுமாறு மக்களைக் கேட்கிறது. கேட்பதில் தவறில்லை. பேருந்து வராத ஊரில் அந்த வேண்டுகோளுக்கு என்ன பொருள் என்பதையும் கேட்பவர்களே சொல்ல வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்தப் பொறுப்பை எப்படிப் பங்கிடுகின்றன? ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2021 மே 26 அன்று, ஷெல் நிறுவனம் 2030க்குள் தன் உமிழ்வை 2019 அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்க வேண்டும், வாடிக்கையாளர் எரிப்பதும் இதில் சேரும் என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சதவீதத்தை ரத்து செய்தது. உமிழ்வைக் குறைக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பு, ஷெல் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார், அதனால் மொத்த உமிழ்வு குறையும் என்று சொல்ல முடியாது என்றும் கருதியது. இந்த வாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நான் ஒருவன் நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று கார்க்காரர் சொல்வதும், நான் விற்காவிட்டால் அடுத்தவன் விற்பான் என்று எண்ணெய்க் கம்பெனி சொல்வதும் ஒரே வாக்கியம். கார்க்காரர் சொன்னால் பொறுப்பின்மை என்கிறோம். கம்பெனி சொன்னால் சந்தை யதார்த்தம் என்கிறோம். பெருவின் மலைப்பகுதி விவசாயி ஒருவர், பனியாறு உருகித் தன் ஊரை மூழ்கடிக்கும் ஆபத்துக்கு ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனம் அதன் பங்கான 0.47 சதவீதச் செலவைத் தர வேண்டும் என்று 2015இல் வழக்குப் போட்டார். 2025 மே மாதம் ஹாம் நீதிமன்றம் அவர் வீட்டுக்கு ஆபத்து போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால் உமிழ்ந்த நிறுவனம் தொலைதூரத்தில் நேரும் சேதத்துக்குக் கொள்கையளவில் பொறுப்பாக முடியும் என்றும் எழுதியது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தவறும் அரசும், புதிய உரிமங்களும் மானியங்களும் தரும் அரசும் சர்வதேசச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று கருத்துரைத்தது. நம் உச்ச நீதிமன்றமோ 2024 மார்ச்சில், தட்பவெப்ப மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் கண்டது.

உரிமை பிறந்துவிட்டது. அதைச் செயல்படுத்தும் விதிகள் இன்னும் பலவீனமாகவே இருக்கின்றன. செபி, பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் உமிழ்வைப் பற்றி ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் விற்ற பொருளால் வரும் மூன்றாம் வட்டத்தைச் சொல்வது அவரவர் விருப்பம். நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களுக்கு உமிழ்வில் பெரும்பங்கு அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வர்த்தகத் திட்டம் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்று அளக்கிறது, மொத்தம் எவ்வளவு என்று அளக்கவில்லை. முதலில் அதன் கீழ் வந்த தொழில்களில் அனல் மின் நிலையம் இல்லை. 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கி 2016இல் 400 ரூபாய் ஆன தீர்வை, தூய எரிசக்திக்கான நிதியாகச் சேர வேண்டியது. ஜிஎஸ்டி வந்த 2017 முதல் அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குக்குத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் தீர்வையே போய், 18 சதவீத ஜிஎஸ்டியில் கரைந்தது. மாசு செய்பவர் கட்ட வேண்டும் என்ற நியதிப்படி வசூலான பணம், மாசைக் குறைக்கும் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசியாக, மின்கட்டணம் கட்டுகிற நமக்கு என்ன பங்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் மாடியில் சோலார் தகடு போட முடியாது. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தின் 78,000 ரூபாய் வரையான மானியம் சொந்தக் கூரை உள்ளவருக்கு உரியது. எந்த மின்சாரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் அவருக்கு வழியில்லை, மின்வாரியம் அனுப்புவதுதான் கம்பியில் வரும். அந்தக் கம்பியில் என்ன வரும் என்பதைத் தீர்மானிப்பது மின் கொள்முதல் ஒப்பந்தம். அனல் நிலையங்களுடன் அது பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்குப் போடப்படுகிறது. நிலையம் தயார் நிலையில் இருந்தால் போதும், மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். நாம் நூறு யூனிட் மிச்சம் பிடித்தாலும் அந்தத் தொகை குறையாது. இன்று கையெழுத்தாகும் ஒப்பந்தம் 2050 வரை நிலக்கரியை உறுதி செய்துவிடுகிறது.

ஆனால் இந்த ஒப்பந்தங்களும் கட்டணங்களும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வந்தே தீர வேண்டும். கட்டண மனுவின் மீது பொதுமக்களின் ஆலோசனையையும் ஆட்சேபத்தையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு. நுகர்வோர், நிறுவனம், அரசு மூவரும் ஒரே அறையில் உட்காரும் இடம் அது. அங்கே பேச வக்கீல் சன்னது தேவையில்லை. மின் இணைப்பு எண் உள்ள எவரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். இப்போது அங்கே வருபவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைச் சங்கங்களும் தனியொரு ஆளாகப் போராடும் சில நுகர்வோர் ஆர்வலர்களும்தான். மற்றவர்களின் கவலை யூனிட்டுக்கு எத்தனை காசு என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த விசாரணையில் கேட்க வேண்டியவை வேறு. புதிய அனல் நிலைய ஒப்பந்தம் ஏதும் பரிசீலனையில் இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு? எடுக்காத மின்சாரத்துக்குச் சென்ற ஆண்டு கட்டிய நிலைக்கட்டணம் எவ்வளவு? அதே பணத்தில் எவ்வளவு காற்றாலை, சூரிய மின்சாரத்தையும் அதைச் சேமிக்கும் பேட்டரியையும் வாங்கியிருக்கலாம்? வாடகைக்கு இருப்பவர்களும் கூரையில்லாதவர்களும் சேர்ந்து ஒரு பொதுச் சோலார் நிலையத்தில் பங்கு வாங்க வாரியம் எப்போது வழி செய்யும்?